லோடு ஏற்றிய சைக்கிளில் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடாரம், படுக்கை, மாற்றுத் துணி, ரிப்பேர் சாமான், தண்ணீர் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு பல நாள் ஓட்டுவதுதான் பைக்பேக்கிங். அதற்குத் தயாராகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தனித்தனியாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

1. வெறும் சைக்கிள்ல நூறு கிலோமீட்டர் சுலபமா ஓட்டுறேன். லோடோட தனியா எதுக்குப் பழகணும்?

உங்கள் காலும் மூச்சும் தயார்தான். ஆனால் லோடு ஏறியதும் வண்டி திரும்பும் விதம், நிற்க எடுக்கும் தூரம், ஏற்றத்தில் கேட்கும் கியர் எல்லாமே மாறிவிடும். வெறும் வண்டியில் ஒரு சின்ன மேட்டைக் கண்டால் எழுந்து நின்று நாலு மிதி மிதித்துத் தாண்டிவிடுவீர்கள். லோடோடு அதே மேட்டை உட்கார்ந்தபடியே, சின்ன கியரில், பொறுமையாக ஏற வேண்டியிருக்கும். அவ்வளவு நேரமும் பாரம் உங்கள் உட்காரும் எலும்பிலும் உள்ளங்கையிலும்தான் இறங்கும்.

தெம்பை வெறும் வண்டியிலேயே வளர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. லோடு ஏற்றிப் பழகுவது, அந்த வண்டியைக் கற்றுக்கொள்ள. கீழே உள்ள பல பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

2. எடை ஏறினா வேகம் எவ்வளவு குறையும்?

ஏற்றத்தில் நிறையக் குறையும், சமதளத்தில் ரொம்பக் கொஞ்சம். ஓட்டுகிறவர் 70 கிலோ, வண்டி 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 82. அதில் 12 கிலோ சாமான் கட்டினால் 94, அதாவது சுமார் 15% கூடுதல். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றத்தில், 150 வாட் அளவுக்கு மிதிக்கிறவர் வெறும் வண்டியில் மணிக்கு 12 கி.மீ. வாக்கில் ஏறினால், லோடோடு பத்தரை கி.மீ. வாக்கில்தான் ஏறுவார். ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கூடுதல் 12 கிலோவைத் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 120 கிலோகலோரி செலவாகும்.

சமதளத்தில் 20 கி.மீ. வேகத்தில் ஓடும்போது, நல்ல தார் ரோட்டில் அதே 12 கிலோ கேட்பது நாலைந்து வாட்தான். அங்கே நம்மைப் பிடித்து இழுப்பது காற்று. பக்கவாட்டில் விரிந்து நிற்கும் பைகள் தம் எடையைவிடத் தம் அகலத்தால்தான் அதிகம் படுத்தும். அதனால் சமதளத்தில் லோடோடு நன்றாக ஓடியதை வைத்து மலைப்பாதைக்குத் திட்டம் போடாதீர்கள்.

3. முதல் நாளே முழு லோடையும் ஏத்திடலாமா?

வேண்டாம். தசை சில வாரங்களில் பழகிவிடும். முழங்காலைச் சுற்றியுள்ள தசைநாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். "கால் நல்லாத்தான் இருக்கு" என்று தோன்றும் நேரத்தில்தான் முழங்கால் மாட்டிக்கொள்கிறது.

பயணத்துக்கு 12 வாரம் இருக்கிறது என்றால் முதல் 4 வாரம் பெரும்பாலும் வெறும் வண்டி, வார இறுதியில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு லோடு. அடுத்த 4 வாரம் பாதியிலிருந்து முக்கால் வரை. கடைசி 4 வாரத்தில் முழு லோடு. நாலு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தை நன்றாகக் குறைத்து உடம்பு தேறிக்கொள்ள விடுங்கள். ஒரே வாரத்தில் தூரத்தையும் எடையையும் சேர்த்துக் கூட்டக் கூடாது. வலி வந்தால் எதனால் வந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

4. அப்போ வாரம் முழுக்க லோடோடதான் ஓட்டணுமா?

வாரத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு ஓட்டம் போதும். மற்ற நாட்களில் வெறும் வண்டி. லோடோடு வேகமான பயிற்சி எதுவும் செய்ய வேண்டாம். வேகம், மூச்சு வாங்கும் ஏற்றப் பயிற்சி எல்லாம் வெறும் வண்டியில்தான் ஒழுங்காக வரும்.

5. பயிற்சிக்கு எதை ஏத்துறது? செங்கல் வெச்சா போதாதா?

எடைக்குச் செங்கல் போதும், மற்றதற்குப் போதாது. செங்கல் ஒரு மூலையில் அடங்கிவிடும், கூடாரமும் படுக்கையும் பையை உப்பவைக்கும். காற்று பிடிப்பதும் ஆடுவதும் அந்த உப்பலில்தான். கூர்மையான விளிம்பு பையை உள்ளிருந்து கிழித்துவிடவும் கூடும்.

ஆரம்ப வாரங்களுக்குத் தண்ணீர் பாட்டில்களே நல்லது. ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு சுலபம். உடம்பு முடியவில்லை என்றால் நடுவழியில் கொட்டிவிட்டு வீடு திரும்பலாம். கடைசி 4 வாரத்தில் மட்டும் பயணத்துக்குக் கொண்டுபோகும் அதே சாமானை, அதே பையில், அதே வரிசையில் கட்டி ஓட்டுங்கள். மழைக்கோட்டு பையின் அடியில் மாட்டியிருப்பதும், பஞ்சர் சாமானை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியிருப்பதும் அப்போதுதான் தெரியவரும்.

6. பையை முதுகுல மாட்டிக்கிட்டு ஓட்டினாலும் அதே எடைதானே?

ஏற்றத்தில் தூக்கும் எடை அதேதான். ஆனால் அது உங்கள் முதுகு, கழுத்து, உட்காரும் எலும்பு வழியாக இறங்குகிறது. வண்டியின் குணம் மாறுவதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்காமல், தேவையில்லாத வலியை மட்டும் வாங்கிக்கொள்வீர்கள்.

7. எந்தப் பையில எதை வைக்கணும்? சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பை வால் மாதிரி ஆடுது.

கனமானது எல்லாம் வண்டியின் சட்டத்தின் (ஃப்ரேம்) நடுவே, முடிந்த அளவு கீழே: கருவிகள், தண்ணீர், சாப்பாடு, பேட்டரி. எடை குறைந்து இடம் அடைக்கும் படுக்கையும் துணியும் சீட் பையிலும் ஹேண்டில்பார் பையிலும். ஹேண்டில்பாரில் கனம் ஏற ஏற வண்டி திரும்ப மறுக்கும்; திருப்பிய பிறகு தானாகவே இன்னும் உள்ளே மடியப் பார்க்கும்.

ஆடும் சீட் பையைப் பின்னால் வருகிற ஒருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். எழுந்து நின்று வலது மிதியை அழுத்தும்போது வண்டி இடப்பக்கம் சாயும். பை அரைக் கணம் தாமதமாக அதே பக்கம் வரும். அதற்குள் வண்டி வலப்பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கும், பை இடப்பக்கமே இழுக்கும். ஒவ்வொரு மிதிக்கும் இந்த இழுபறி நடக்கிறது. பெரும்பாலும் காரணம் இரண்டுதான். கனமான பொருள் பையின் வால் முனையில் இருக்கும், அல்லது பையில் காற்று மிச்சம் இருக்கும். கனத்தைச் சீட் கம்பியை ஒட்டி நகர்த்துங்கள். காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, பட்டையை இறுக்கி, பத்து நிமிடம் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்தப் பையில் அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறீர்கள்.

8. மெதுவா போகும்போது தள்ளாடுது. கிளம்பும்போதே ஒரு பக்கமா சாயுது.

இதற்குத் தூரம் தேவையில்லை, காலியான ஒரு இடம் போதும். முழு லோடோடு இருபது நிமிடம் இதையே செய்யுங்கள். நேர்கோட்டில் நடை வேகத்தில் ஓட்டுங்கள். சின்ன வட்டம் அடியுங்கள், வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை. ஒரு கையை எடுத்துப் பாட்டிலை உருவிக் குடித்துவிட்டு, பார்க்காமல் திருப்பி வையுங்கள். தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பாருங்கள். பார்க்கும் பக்கமே வண்டி ஒதுங்காமல் இருக்க வேண்டும்.

நிற்பதற்கு முன்பே சின்ன கியருக்கு வந்துவிடுவது இன்னொரு பழக்கம். பெரிய கியரில் நின்றுவிட்டால், லோடோடு கிளம்பும் முதல் மிதியிலேயே வண்டி சாயும், முழங்காலும் கேட்கும். ஏற்றத்தின் நடுவே நிறுத்திவிட்டு மறுபடி ஏறிக் கிளம்புவதையும் தனியாகப் பழகுங்கள். வழியில் அது கட்டாயம் வரும்.

9. ஏற்றத்துல எழுந்து நின்னு மிதிக்கவே முடியல.

முடியும், ஆனால் வேறு மாதிரி. எழுவதற்கு முன் ஒன்றிரண்டு கியர் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மிதி சட்டென்று கீழே விழுந்து வண்டி குலுங்கும். கைப்பிடியைத் தளர்த்துங்கள். வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டாமல் நேராக வைத்து, உடம்பை அதன் மேல் நகர்த்துங்கள். நிற்பதை ஏறும் வழியாக நினைக்காமல், உட்காரும் இடத்துக்குக் கொடுக்கும் ஓய்வாக நினையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் நின்றாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

10. என்கிட்ட இருக்கிற கியர் போதுமா?

உங்கள் பாதையில் உள்ள மிகக் கடுமையான ஏற்றத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். 2-வது பதிலில் வந்த அதே 94 கிலோ, அதே 150 வாட். சரிவு 10% என்றால் வேகம் ஐந்தரை கி.மீ.க்கு இறங்கிவிடும். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 44 சுற்றுதான் மிதிப்பீர்கள். ஒவ்வொரு மிதியும் முழங்காலை நசுக்கும். முன்னால் 30, பின்னால் 42 என்றால் 60 சுற்று வரும், மணிக்கணக்கில் தாங்கலாம்.

கியரை மாற்றுவதற்குக் கூச்சப்படாதீர்கள். பயிற்சியால் ஈடுகட்ட முடியாத ஒன்று கியர். உள்ளூர் ஏற்றத்தில் முழு லோடோடு, களைத்த பிறகும், உட்கார்ந்தபடி 60-க்குக் குறையாமல் மிதிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் பின் பல்சக்கரத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது முன் பல்சக்கரத்தைச் சிறிதாக்குங்கள்.

11. இறக்கத்துல பயமா இருக்கு. ஒரு தடவை ஹேண்டில்பாரே நடுங்குச்சு.

பயம் நியாயமானது. எடை 15% கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும் 15% கூடும். ஆனால் வேகத்தின் பங்கு அதைவிடப் பெரிது, ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வெறும் வண்டியில் 40 கி.மீ. வேகத்தில் இருக்கும் ஆற்றலும், லோடோடு 37 கி.மீ. வேகத்தில் இருக்கும் ஆற்றலும் ஒன்றுதான். அதாவது கொஞ்சம் முன்னதாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டால் பழைய கட்டுப்பாடு திரும்பிவிடும். நீண்ட இறக்கத்தில் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். அழுத்திக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். விடும் நேரத்தில் பிரேக் ஆறும். வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும்.

நடுக்கம் வந்தால் கை தானாக இறுகும். அதுதான் நடுக்கத்தை வளர்க்கும். பிடியைத் தளர்த்தி, இரண்டு முழங்காலையும் சட்டத்தின் மேல் கம்பியோடு அழுத்திப் பிடியுங்கள். பிறகு நிதானமாக வேகத்தைக் குறையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கட்டு தளர்ந்திருக்கிறதா, கேரியர் திருகு கழன்றிருக்கிறதா, ஹேண்டில்பாரின் தலைப் பகுதியில் ஆட்டம் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் கனம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காரணம் தெரியாமல் அடுத்த இறக்கத்துக்குப் போகாதீர்கள்.

12. டயர்ல காத்து எவ்வளவு வைக்கணும்?

மொத்த எடை எத்தனை சதவீதம் ஏறியதோ, ஏறக்குறைய அத்தனை சதவீதம் காற்றையும் ஏற்றி ஆரம்பியுங்கள். பின் சக்கரத்தில்தான் எடை அதிகம், அதனால் அதற்கு இன்னும் கொஞ்சம். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஏற்றியது போதவில்லை என்றால் குழியில் விழும்போது ட்யூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி இரட்டை ஓட்டை விழும். அடிக்கடி அப்படி விழுந்தால் காற்றை மட்டும் கூட்டாமல், அகலமான டயருக்கு மாறுங்கள்.

13. முழங்கால் வலிக்குது, விரல் மரத்துப் போகுது. லோடுதான் காரணமா?

லோடு பெரும்பாலும் புதிதாக வலியை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருந்த சின்னத் தவறைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், அல்லது 10-வது பதிலில் சொன்னபடி கியர் பெரிதாக இருக்கலாம். பின்பக்கம் வலித்தால் சீட் உயரமாக இருக்கலாம். குதிகாலை மிதியில் வைத்து, மிதி கீழே இருக்கும்போது கால் நேராக நீள்கிறதா என்பது நல்ல தொடக்கச் சோதனை. மாற்றம் எதுவானாலும் ஒரு தடவைக்கு சில மில்லிமீட்டர் மட்டும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துவதால். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் சரிசெய்யுங்கள், கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். கழுத்தையும் அசட்டை செய்யாதீர்கள். மிக நீண்ட ஓட்டங்களில் கழுத்துத் தசை தலையைத் தூக்கவே முடியாமல் விட்டுவிடுவதுண்டு. 1983-ல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் போட்டியில் மைக்கேல் ஷெர்மருக்கு அப்படி ஆனதால், அதற்கு ஷெர்மர் கழுத்து என்றே பெயர். வலி ஓய்வெடுத்தும் போகவில்லை, வீக்கம் இருக்கிறது, மரத்த விரல் மறுநாளும் சரியாகவில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

14. எங்க பக்கம் மேடே கிடையாது. மலைக்கு எப்படித் தயாராகுறது?

எதிர்காற்று இருக்கிறதே. ஓய்வே தராமல் மணிக்கணக்கில் ஒரே அழுத்தம் கேட்பதில் அது நீண்ட ஏற்றத்துக்குச் சமம். முழங்கால் நன்றாக இருந்தால், வெறும் வண்டியில் கொஞ்சம் பெரிய கியரில் நிமிடத்துக்கு 55, 60 சுற்றாக ஐந்தாறு நிமிடம் உட்கார்ந்தே மிதித்து, நடுவில் இளைப்பாறி, நாலைந்து தடவை செய்யுங்கள். மேம்பாலம் ஒன்று கிடைத்தால் அதில் முழு லோடோடு ஏறி இறங்குவது பிரேக்குக்கும் பயிற்சி.

வீட்டுக்குள் டிரெய்னரில் (வண்டியை நகராமல் பிடித்துக்கொள்ளும் தாங்கி) மாட்டி ஓட்டுகிறவர்கள் அதில் லோடு கட்டலாமா என்று கேட்பார்கள். பயனில்லை. நகராத வண்டியில் எடை எதையும் எதிர்ப்பதில்லை, சட்டத்துக்கு மட்டும் வீண் சிரமம்.

15. தினமும் 100 கி.மீ. போகப் போறேன். பயிற்சியில அதையே தினமும் ஓட்டணுமா?

அவசியமில்லை. ஒரே நாளில் நெடுந்தூரம் ஓட்டிக் காட்டுவதைவிட, அடுத்தடுத்த நாள் ஓட்டுவதுதான் பல நாள் பயணத்துக்கான பயிற்சி. கடைசி 4 வாரத்தில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் 70, 80 கி.மீ. முழு லோடோடு ஓட்டுங்கள். முடிந்தால் நடுவில் வெளியில் தங்குங்கள். இரண்டாம் நாள் காலை முதல் அரை மணி நேரத்தைக் கவனியுங்கள். சீட்டில் உட்கார்ந்ததும் எங்கே எரிகிறது, முழங்கால் எப்போது இளகுகிறது, முந்தின நாள் ஈரத் துணியை எங்கே திணித்தீர்கள் என்பதெல்லாம் அப்போதுதான் வெளிப்படும். உண்மையான பயணத்தின் ஒவ்வொரு காலையும் இப்படித்தான் தொடங்கும்.

16. வழியில என்ன, எவ்வளவு சாப்பிடணும்?

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, பசி வருவதற்கு முன்பே. இதற்கு மேல் சாப்பிட வயிற்றையும் பழக்க வேண்டும், அதனால் பயணத்தில் சாப்பிடப்போவதையே பயிற்சியிலும் சாப்பிடுங்கள். லோடோடு வேகம் குறைவதால் அதே தூரத்துக்கு அதிக நேரம் ஆகும். சாப்பாட்டையும் தண்ணீரையும் கிலோமீட்டரை வைத்துக் கணக்கிடாமல் மணியை வைத்துக் கணக்கிடுங்கள்.

17. நான் பிரெவே ஓட்டினவன். அது போதாதா?

பெரிய பலம்தான். பிரெவே என்பது குறித்த கெடுவுக்குள் நெடுந்தூரத்தை ஓட்டி முடிக்கும் சைக்கிள் ஓட்டம். 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி, 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 மணி என்ற கெடுவில் நிற்கும் நேரமும் சேர்ந்துதான் ஓடுகிறது. எனவே நிற்பதில் சிக்கனம், இரவு ஓட்டம், சலிப்பைத் தாங்குவது எல்லாம் உங்களுக்குக் கைவந்திருக்கும். ஆனால் பிரெவே ஓட்டி முடித்ததும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். இங்கே மறுநாளும், அதற்கடுத்த நாளும் உண்டு. முதல் மூன்று நாள் பிரெவே வேகத்தில் பறந்துவிட்டு நாலாவது நாள் உட்கார்ந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் அனுபவசாலிகள்தான். 8-வது, 11-வது பதில்களையும் 15-வது பதிலையும் நீங்கள் தாண்டிப் போக வேண்டாம்.

18. லோடு கூடக்கூட வேகம் குறையுது. நான் முன்னேறுறேனா இல்லையான்னு எப்படித் தெரியும்?

சராசரி வேகத்தைப் பார்க்காதீர்கள், காற்றும் எடையும் அதைக் குழப்பிவிடும். ஒரே ஏற்றத்தை, ஒரே எடையோடு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பேசிக்கொண்டே ஏறக்கூடிய அளவு அழுத்தத்தில் ஏறுங்கள். ஏற எடுத்த நேரம் அதேயாக இருந்து நாடித்துடிப்பு குறைந்தாலோ, அதே துடிப்பில் நேரம் குறைந்தாலோ முன்னேற்றம். மறுநாள் படி ஏறும்போது தொடை என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியும் தராத தகவல் அது.

19. கிளம்பறதுக்கு முந்தின வாரம் என்ன செய்யணும்?

வழக்கமான ஓட்டத்தில் பாதி. கடைசியாக ஒரு மணி நேரம் முழு லோடோடு ஓட்டி, திருகுகள், பின் சக்கர ஸ்போக், பிரேக் கட்டை, செயின் எல்லாவற்றையும் பாருங்கள். லோடோடு அதிகம் அடி வாங்குவது பின் சக்கரம். ஸ்போக்குகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்தினால் தளர்ந்தது தெரிந்துவிடும். புது சீட், புது ஷூ எதையும் இந்த வாரத்தில் தொடாதீர்கள்.

20. எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது பார்த்தா பழகின எடையைவிட மூணு கிலோ கூடிப்போச்சு. இப்போ என்ன பண்றது?

எல்லோருக்கும் நடப்பதுதான். பயிற்சியில் விட்டுப்போனது பெரும்பாலும் இரண்டு நாள் சாப்பாடும் கூடுதல் தண்ணீரும். முதலில் வண்டியின் சட்டத்துக்கும் கேரியருக்கும் தயாரிப்பாளர் சொன்ன எடை வரம்பைத் தாண்டவில்லை என்று உறுதி செய்யுங்கள். அந்த வரம்பில் ஓட்டுகிறவரின் எடையும் சேர்ந்திருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள். பிறகு பையைக் காலி செய்து, "இருந்தால் நல்லது" என்று எடுத்த சாமானை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பயிற்சி ஓட்டங்களில் ஒருமுறைகூட வெளியே எடுக்காத பொருள், மழைக்கும் ரிப்பேருக்கும் முதலுதவிக்கும் உரியதாக இல்லாவிட்டால், வீட்டிலேயே இருக்கட்டும்.

அப்படியும் ஒன்றிரண்டு கிலோ மிஞ்சினால் அதைச் சட்டத்தின் நடுவே வையுங்கள், பின் டயருக்குக் கொஞ்சம் காற்று கூட்டுங்கள், முதல் இரண்டு நாள் தூரத்தை கால்வாசி குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்குள் சாப்பாடு பாதி தீர்ந்து வண்டி நீங்கள் பழகின எடைக்கே வந்திருக்கும்.